வாடிக்கையாளரிடம் எந்த எண்ணில் பேசுவது?

தேனி சாலையில், நாகமலை புதுக்கோட்டை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து மாடியில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் பெண்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் பி.காம். முடித்துவிட்டு வந்தவர்கள். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை, கப்பலூர் சிட்கோவில் உதிரிபாகம் செய்யும் பட்டறை, செக்கானூரணியில் ஹார்டுவேர் கடை என்று வாடிக்கையாளர்கள் பல திசைகளில் இருக்கிறார்கள். மாதாமாதம் 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு போக வேண்டும். 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டி அடுத்த கணக்கு போக வேண்டும். இந்த இரண்டு தேதிகளும் நெருங்கும்போது எங்கள் வேலையில் பாதி கணக்கு, பாதி பேச்சு. கணக்கைச் சரியாகப் போட ஆயிரம் விதிகள் படிக்கிறோம். அந்தப் பேச்சை எந்த வழியில் வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. முடிவெடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் இருப்பது சரி. யாருடைய வாட்ஸ்அப்பில்? மதுரையில் நான் பார்த்த பல சிறிய அலுவலகங்களில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பெண்ணின் சொந்த எண்ணை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "இனிமே இவங்கதான் உங்க ஃபைலைப் பாப்பாங்க, பில்லை இந்த நம்பருக்கே அனுப்பிருங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தின் கணக்குப் பேச்சு முழுவதும் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கைப்பையில் வீட்டுக்குப் போய்வருகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு பெண் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த பெண் வாடிக்கையாளர்களிடம் விற்பனை பில்களைக் கேட்டால், "அனுப்பிட்டேனேம்மா, ரெண்டு டிக் விழுந்துச்சே" என்கிறார்கள். பில்கள் எல்லாம் திருப்பூரில் ஒரு மாமியார் வீட்டு அடுப்படியில் இருக்கும் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. கணக்கு தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. பணம் போனதுகூடப் பெரிதில்லை. போன வருடம் எந்தப் பில்லை எதற்காக விட்டோம், யார் சரி என்று சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தப் போனோடு போய்விட்டது.

அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகிப் போன வீட்டில் இரவு பத்து மணிக்கு முகம் தெரியாத ஆண்களின் குரல் பதிவுகள் வந்து விழுகின்றன. "என்னம்மா, பதிலே காணோம்?" என்று ஒருவர். ஸ்டேட்டஸில் வைத்த கல்யாணப் படத்துக்கு ஒருவர் கருத்துச் சொல்கிறார். தினமும் காலையில் பூப்படம் போட்ட வணக்கம். இதில் பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்புகிறவர்கள் இல்லை. கணக்குப் பார்க்கும் பெண்ணின் எண் தன்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு. ஆனால் இந்தத் தொந்தரவுக்காகவே வேலையை விடச் சொன்ன பெற்றோரை எனக்குத் தெரியும். நன்றாகக் கணக்குப் பார்க்கிற, இன்னும் பத்து வருடம் வேலை செய்ய வேண்டிய பெண்கள் அவர்கள். வேலைக்கு வருகிற பெண்ணிடம் அவள் உழைப்பைக் கேட்கலாம். அவள் எண்ணைக் கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை. அலுவலகத்துக்கென்று தனி எண் வைப்பது சலுகையாகத் தருகிற விஷயம் அல்ல. சம்பளம் போல, கழிப்பறை போல அலுவலகம் செய்து தரவேண்டிய அடிப்படை ஏற்பாடு.

எங்கள் அலுவலகத்தில் எண் அலுவலகத்தின் பெயரில் வாங்கியது. சிம் ஒரு பழைய போனில் இருக்கிறது. அந்தப் போன் ஜன்னலோர மேசையில் சார்ஜரோடு கிடக்கும். சாயங்காலம் டிராயருக்குள் போய்ப் பூட்டப்படும். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அந்த ஒரே எண்ணைக் கூடுதலாக நான்கு கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று பெண்கள் மூன்று கணினியில் ஒரே கணக்கில் பதில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் நிறம் போட்டு லேபிள் வைக்கிற வசதி அதில் உண்டு. "பில் வரணும்", "சலான் அனுப்பியாச்சு", "நோட்டீஸ்" என்று வைத்திருக்கிறோம். ஒருத்தி லீவு போட்டால் அடுத்தவள் அதே இடத்திலிருந்து தொடர்கிறாள். பதிலின் கடைசியில் எழுதியவர் பெயரின் முதல் எழுத்து இருக்கும். யார் சொன்னது என்பது எங்களுக்கும் தெரிய வேண்டும், வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும்.

2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, இந்த மாதிரிச் செயலிகள் சிம் உள்ள போனில் மட்டுமே இயங்க வேண்டும், கணினி வழி இணைப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு சிம்மை வைத்துக்கொண்டு இங்கே கணினியில் பேசுகிற அலுவலகங்களுக்கு அந்த உத்தரவு ஒரு எச்சரிக்கை. சிம் அலுவலகத்திலேயே, அலுவலகத்தின் பெயரிலேயே இருக்க இன்னொரு காரணம்.

சரி, எண் ஒன்றாகிவிட்டது. அதில் எப்படிப் பேசுவது?

கீழமாசி வீதி அண்ணாச்சி ஒருவரைச் சொல்கிறேன். கடையடைத்த பிறகுதான் அவருக்குக் கணக்கு நினைவு வரும். ஒன்பதே முக்காலுக்கு மேல் குரல் பதிவு வரும். பின்னால் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்கும். "ஆடிட்டரம்மா, விருதுநகர் மல்லிப் பில்லு ரெண்டு தடவ ஏறியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துருங்க. நம்ம பய தேதியை மாத்திப் போட்டுட்டான்னு நெனைக்கிறேன்." கூடவே ஒரு படம். மூட்டை மேல் பில்லை விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு எடுத்தது. ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்து. பதினைந்தாவது எழுத்து சரியாக அந்த விரலுக்கு அடியில் இருக்கும்.

இந்த மனிதரிடம் போய், "மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்" என்று சொல்வது நியாயமா? நாற்பது வருடமாக வாய்ச்சொல்லில் லாரி லாரியாகச் சரக்கு வாங்கி விற்கிறவர். தட்டச்சு அவருக்குப் பழக்கமில்லை, பழகவும் அவசியமில்லை. அவர் எப்படிப் பேச விரும்புகிறாரோ அப்படிப் பேசட்டும். எழுத்தில் வைப்பது எங்கள் வேலை. அதற்குத்தான் அவர் எங்களுக்குக் காசு தருகிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் பெண் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுவாள்: "அண்ணாச்சி, நேற்று இரவு நீங்கள் சொன்ன மல்லி பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. இந்த எண், இந்தத் தேதி. இரண்டாவதை நீக்குகிறோம். சரி என்றால் சரி என்று போடுங்கள்." அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவார். குரல் பதிவுக்குள் தேடிப் பார்க்க முடியாது. மார்ச் மாதம் சொன்ன ஒரு வார்த்தையை அக்டோபரில் குரல் பதிவுகளுக்குள் தேடியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். எழுதின வரி தேடினால் கிடைக்கும்.

போனில் பேசி முடிவானதும் இதே மாதிரிதான். நோட்டீஸ் வந்து பயந்து போயிருக்கிறவரிடம் செய்தி தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசி முடித்ததும், "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு செய்தி. எங்கள் அலுவலகத்தில் இதில் விதிவிலக்கே கிடையாது.

அடுத்தது குரூப். இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் தொழிலில் பலர் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். தேதி நீட்டிப்பு, விகித மாற்றம் என்று ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பச் சுலபம் என்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மாறியபோது இப்படிப் புதிதாகப் பல குரூப்கள் முளைத்தன. சேர்த்த நொடியில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரே ஊரில் இரண்டு ஹார்டுவேர் கடைக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் அவசரத்தில் தன் நோட்டீஸை அந்தக் குரூப்பிலேயே போட்டு, "இது என்னன்னு பாருங்க சார்" என்று கேட்பார். அதில் அவருடைய விற்றுமுதல் இருக்கும், யாரிடம் வாங்குகிறார் என்பது இருக்கும், எவ்வளவு வித்தியாசம் என்பதும் இருக்கும். அழிப்பதற்குள் எதிர்க்கடைக்காரர் பார்த்துவிடுவார். இன்னொருவர் புதுப் பதிவுக்காக ஆதார், பான் படங்களை அங்கேயே போடுவார். அது குரூப்பில் உள்ள ஒவ்வொருவருடைய போன் கேலரியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன. சட்டம் வந்துதான் இது தவறு என்று நமக்குத் தெரிய வேண்டுமா? தன் வரவுசெலவை நம்மிடம் ஒருவர் திறந்து காட்டுவது நம்மை நம்பித்தான். பொதுச் செய்தி அனுப்ப பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும், தனித்தனியாக, அடுத்தவர் எண் தெரியாமல் போய்ச்சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை. எங்களைப் போன்ற அலுவலகத்துக்கு அது தாராளம்.

வடபழஞ்சி எல்காட் வளாகத்துப் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் பேசினால் இன்னொரு உலகம் தெரிகிறது. அங்கே ஸ்லாக், டீம்ஸ், ஸோஹோ கிளிக் என்று அலுவலகப் பேச்சுக்கென்றே தனிச் செயலிகள். ஸ்லாக் 2020-ல் 'கனெக்ட்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. இரண்டு நிறுவனங்கள் தத்தம் அலுவலகச் செயலிக்குள் இருந்தபடியே ஒரு பொதுச் சேனலில் பேசிக்கொள்ளலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரும் மதுரைப் பொறியாளரும் நாள் முழுக்கச் சேர்ந்து செய்கிற வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. தலைப்பு வாரியாகப் பேச்சு பிரியும், புதிதாக வந்தவர் பழைய பேச்சைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆள் விலகினால் அன்றே அவர் கணக்கை மூடலாம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் பேசும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியாள் உட்கார்ந்திருக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது. 2021 மார்ச்சில் அந்த நிறுவனமே, யார் வேண்டுமானாலும் வெளி நிறுவனத்தாருக்கு அழைப்போடு தன் செய்தியையும் சேர்த்து அனுப்பலாம் என்று திறந்துவிட்டது. அதை வைத்து வசைபாட முடியும் என்று எதிர்ப்பு கிளம்பியதும் செய்தி சேர்க்கும் வசதியை அன்றே எடுத்துவிட்டது.

எங்களைப் போன்றவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உள்பேச்சுக்கு ஒரு செயலி, வெளிப்பேச்சுக்கு வேறு செயலி. எங்கள் பெண்கள் தங்களுக்குள் பேசுவது கிளிக்கில். வாடிக்கையாளரிடம் பேசுவது வாட்ஸ்அப்பில். "இவர் இந்த மாசமும் கடைசி நாள்தான் தருவார் போல" என்று ஒருத்தி இன்னொருத்திக்கு எழுதுவது இயல்பு. இரண்டும் ஒரே திரையில், ஒரே பச்சை நிறத்தில் இருந்தால், ஒருநாள் அது அவருக்கே போகும். கவனமாக இருங்கள் என்று ஆளுக்குப் புத்தி சொல்வதைவிட, தவறு நடக்க வழியில்லாமல் இடத்தைப் பிரித்து வைப்பதுதான் மேல்.

2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் அரட்டை செயலிக்கு ஒரு பெரிய அலை அடித்தது. ஒரு நாளைக்கு மூவாயிரமாக இருந்த புதுச் சேர்க்கை மூன்றே நாளில் மூன்றரை லட்சத்துக்குப் போனது என்று ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தென்காசியில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் செய்கிறவர் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். சில வாடிக்கையாளர்கள், "நம்ம ஊர்க்காரங்க செஞ்சது, அதுக்கே மாறிருவோம்மா" என்றார்கள். மாற விரும்புகிறவரோடு அங்கேயும் பேசுகிறோம், அதே அலுவலக எண்ணில். ஆனால் எந்தச் செயலி என்பது இரண்டாம் கேள்வி. 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு வாட்ஸ்அப் ஆறு மணி நேரம் நின்றது. 2022-ல் தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் மறுபடி இரண்டு மணி நேரம். எந்தச் செயலியும் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு வாடிக்கையாளர் நம்மைக் கூப்பிட ஒரு சாதாரணப் போன் எண்ணும், ஆவணம் அனுப்ப ஒரு மின்னஞ்சலும் அவர் கையில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சல் என்றதும் என் தொழிலின் பெரிய புண்ணுக்கு வருகிறேன்.

வரித்துறை ஒரு வியாபாரிக்கு நோட்டீஸை எந்தெந்த வழியில் கொடுக்கலாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 169-வது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. நேரில் கொடுப்பது, பதிவுத் தபால் அல்லது விரைவுத் தபால், பதிவில் உள்ள மின்னஞ்சல், போர்ட்டல், செய்தித்தாள் விளம்பரம், கடைசியாகக் கடைக் கதவில் ஒட்டுவது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. அரசாங்கமும் கோர்ட்டும் இந்த விஷயத்தில் எவ்வளவு யோசித்து நடக்கின்றன என்று பாருங்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மின்னஞ்சலோடு சேர்த்து வாட்ஸ்அப்பிலும் சம்மன் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒருவருடைய சுதந்திரமே தொங்கும் ஒரு தாளை எந்த வழியில் கொடுக்க வேண்டும் என்பது அவ்வளவு முக்கியம்.

ஆனால் நம் சிறு வியாபாரிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் ஜிஎஸ்டி பதிவில் எந்த மின்னஞ்சல், எந்த எண் இருக்கிறது என்று தெரியும்? பதிவு போட்ட அன்று பிரவுசிங் சென்டர் பையன் உருவாக்கின ஒரு முகவரி, யாருக்கும் தெரியாத ஒரு பாஸ்வேர்டு. அல்லது கணக்குப் பார்ப்பவரின் எண்ணும் மின்னஞ்சலுமே அங்கே இருக்கும். ஓடிபி கேட்டு அலைய வேண்டாம் என்று ஆலோசகர்களே அப்படிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆலோசகர் மாறுவார், எண் மாறும், உறவு கசக்கும். கணக்கில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஏஎஸ்எம்டி-10 என்ற படிவம் வரும். பதில் சொல்ல முப்பது நாள். அது யாரோ ஒருவருடைய இன்பாக்ஸில் தூங்கும். அதன்மேல் நோட்டீஸ், அதன்மேல் உத்தரவு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்தை மன்னிக்க இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான் கடைக்காரருக்கு விஷயமே தெரியும். அப்புறம் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ரிட் மனுவோடு ஓட வேண்டியதுதான். சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இப்படி எத்தனையோ வழக்குகள். நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் ஏற்றப்பட்டது, எனக்குத் தெரியவே தெரியாது என்று மனுதாரர் சொல்வார். வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லி நீதிபதிகள் திருப்பி அனுப்பிய தீர்ப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மின்னஞ்சல் முகவரி சரியாக இருந்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும் சங்கதிக்கு வக்கீல் செலவு, கோர்ட் அலைச்சல், தூக்கமில்லாத இரவுகள்.

வாடிக்கையாளரின் எண்ணையும் மின்னஞ்சலையும் தன்னுடையதாகப் போட்டுக்கொள்கிற ஆலோசகர், வசதிக்காகச் செய்தாலும், அவரைத் தன்னிடம் கட்டிப்போடச் செய்தாலும், செய்வது ஒன்றேதான்: அரசாங்கம் அந்த வியாபாரியிடம் பேசுகிற வழியை மறிக்கிறார். என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்து வருத்தப்பட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓடிபி பிரச்சினையா? உண்மைதான், கணக்கைச் சமர்ப்பிக்கும்போது வியாபாரியின் போனுக்கு வரும் ஓடிபி பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்கு நாங்கள் நேரம் சொல்லிவிடுகிறோம். "நாளை பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம், போனைக் கையில் வைத்திருங்கள்" என்று முந்தைய நாள் செய்தி. கூப்பிட்டு, எவ்வளவு விற்பனை, எவ்வளவு வரி என்று தொகையை வாய்விட்டுச் சொல்லி, அதற்கு அப்புறம்தான் ஓடிபி கேட்கிறோம். தான் எதற்குச் சம்மதம் தருகிறோம் என்று தெரிந்து அவர் எண்ணைச் சொல்கிறார். எங்கள் அலுவலக எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணிலிருந்து ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். போக்குவரத்து சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை அழுத்திவிட்டு, கணக்கில் இருந்த பணம் போய், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து கதறியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அலுவலகத்துக்கு ஒரே எண் என்று இருந்தால்தான், இன்னொரு எண்ணிலிருந்து வருவது போலி என்று கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியும். ஆளுக்கொரு எண்ணில் பேசுகிற அலுவலகத்தின் வாடிக்கையாளர் எதை நம்புவார்?

கப்பலூர் பட்டறைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு கவலை. பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பினால் பணம் எப்போது வரும் என்பது எந்த வழியில் பேசினார்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. 2006-ம் வருடத்து சிறு, குறு தொழில் சட்டப்படி, வாங்குகிறவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். சரக்கில் குறை என்றால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால், குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், பணம் தந்த ஆண்டுக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் 43பி பிரிவில் சேர்த்த பிறகு பெரிய கம்பெனிகளும் இந்த நாட்களை எண்ண ஆரம்பித்திருக்கின்றன. இப்போது யோசியுங்கள். பர்ச்சேஸ் மேனேஜர் பட்டறை சூப்பர்வைசரின் சொந்த வாட்ஸ்அப்பில், "போல்ட் அளவு சரியில்ல" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். சூப்பர்வைசர் முதலாளியிடம் சொல்லவில்லை. அது எழுத்தில் சொன்ன குறையா இல்லையா?

எழுத்து என்றால் மின்னணு வடிவமும் செல்லும் என்று 2000-ம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. பின்னால் எடுத்துப் பார்க்கும்படி அது இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறது. ஏழு நாளில் தானாக மறையும்படி செட்டிங் வைத்திருக்கும் போனில் அந்த வரி எங்கே இருக்கும்? இரண்டு நாள் வரை எல்லாருக்குமாக அழிக்கலாம், பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம் என்கிற செயலியில் யார் எதைச் சொன்னார் என்று எதை வைத்து நிறுவுவது? வாட்ஸ்அப் செய்தி வாய்ப்பேச்சு மாதிரிதான், அதன் பொருளைச் சாட்சி விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு வணிக வழக்கில் சொல்லியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அதில் நிபுணர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். அதனால் கப்பலூர் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது: ஆர்டரும், குறையும், பணத் தேதியும் கம்பெனி மின்னஞ்சலுக்கு வரட்டும். லாரி எங்கே வருகிறது என்று கேட்பது வாட்ஸ்அப்பில் இருக்கட்டும்.

இந்த ஏற்பாடு பெரிய நகரத்துக்காரர்களுக்குத்தான் ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். மின்வாரியம் 2021 ஜூனில் மின்னகம் என்று தொடங்கி மாநிலம் முழுவதுக்கும் 94987 94987 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தது. அதற்கு முன்னால் கரண்ட் போனால் தெரிந்த லைன்மேனின் சொந்த எண்ணைத்தான் கூப்பிடுவோம். அவர் தூங்குவாரா, லீவா, மாற்றலாகிப் போய்விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் எடுக்காவிட்டால் நம் தெருவே அவரைத் திட்டும். இன்றும் பல ஊர்களில் லைன்மேனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது வாஸ்தவம். பழகிய ஆள் என்கிற நம்பிக்கை. ஆனால் மின்னகத்தில் புகார் பதிவாகிறது, அதற்கு ஓர் எண் கிடைக்கிறது, எந்த ஆள் மாறினாலும் புகார் மாறாமல் நிற்கிறது. வாரியத்தால் முடிந்தது நான்கு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தால் முடியாதா?

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் எண்ணில் இரவு ஏழு மணிக்கு மேல் வரும் செய்திக்குத் தானாக ஒரு பதில் போகும்: கிடைத்தது, காலை பத்து மணிக்குப் பார்க்கிறோம். வேலை நேரத்துக்கு அப்பால் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்காக மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவை 2025 டிசம்பரிலும் மறுபடி கொண்டுவந்தார். சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். போன் டிராயருக்குள் இருந்தால் எங்கள் பெண்கள் வீட்டுக்குப் போனதும் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணாச்சிக்கும் ஒரு குறையும் இல்லை. நினைவு வந்த நேரத்தில் சொல்லிவிட்டார். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். கெடு நாட்களான 11, 20 தேதிகளில் மட்டும் ஒன்பது மணி வரை ஒருவர் இருப்போம், பெரும்பாலும் நான்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த 11-ம் தேதிக்கு முன்னால் உங்கள் கணக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள்: என் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையது? உங்களுடையது இல்லை என்றால், போர்ட்டலில் உள்ளே போய்ப் பதிவுத் திருத்தத்தில், அடிப்படை அல்லாத விவரங்கள் என்ற பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். புது எண்ணுக்கும் புது மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும், அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. உள்ளே போகவே வழியில்லை, பாஸ்வேர்டும் பழைய ஆளிடம் போய்விட்டது என்றால், கடை ஆவணங்களோடு உங்கள் சரகத்து வணிக வரி அலுவலகத்துக்கோ மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்துக்கோ நேரில் போங்கள். எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தர அந்த அதிகாரிக்கு போர்ட்டலில் வசதி இருக்கிறது. மகனோ மகளோ படித்தவர்களாக இருந்தால் கூடக் கூட்டிப் போங்கள். அந்த மின்னஞ்சலை அவர்கள் போனிலும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.